எனக்குத் தெரியாது என்று சொன்ன படம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, நல்ல செய்தி அதோடு தீர்ந்தது. போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே உட்காருவார்.

உன் தங்கை சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் ஒன்பது சிறுமிகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறாளே, நீ அனுப்பிய கேமராவில். போன மாதம் அவர்களிடம், உங்க வீட்டுல யாரு கண்ணுலயும் படாத ஒருத்தியை எடுத்துட்டு வாங்க, ஆனா அவங்களக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும் என்றாளாம். தானும் ஒன்று எடுத்தாள். என்னைத்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்போரம் நின்றபடி பாத்திரத்திலிருந்தே வழித்துச் சாப்பிடுகிறேன், கண் வாசல் பக்கம். எடுக்கட்டுமாம்மா என்றாள், எடுடி என்றேன். படத்தைப் பார்த்த அன்று நம் ஆல்பங்களை எல்லாம் இறக்கி எண்ணினேன், எதையும் எண்ணாமல் எனக்கு இருக்க முடியாதே. இருநூற்றுப் பதினாறு படங்களில் பதினொன்றில் இருக்கிறேன், அதிலும் நான்கில் கை மட்டும். நீ எடுத்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை ராஜா, கணக்கைச் சொல்கிறேன்.

அந்தப் படத்தை நூலகச் சுவரில் மாட்டினார்கள். உன் பெரியப்பா பார்த்துவிட்டு, உன் பொண்டாட்டி சோத்துக்குச் செத்தவ மாதிரி நிக்கிறா, வீட்டு மானம் சந்தி சிரிக்குது என்று அப்பாவை இழுத்துக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தனை பேர் முன்னால் நூலகர் அம்மா, உங்களைக் கேட்டுத்தானே எடுத்தா என்றார். அப்பா என் முகத்தையே பார்த்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தினமும் இரண்டு வேளை கடவுள் பேரைச் சொல்கிற வாய்.

உன் தங்கை மறுத்துப் பேசவில்லை, சரிம்மா என்றாள், அவ்வளவுதான். திருட்டுத்தனமாகப் பெண்களைப் படம் எடுப்பவள் என்று பேராகிவிட்டது. ஏழு சிறுமிகளை அவர்கள் வீட்டில் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் நூலகக் குழு கூடி வகுப்பையே மூடப்போகிறது. கேமரா அப்பாவின் பீரோவில். அவள் என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. நேற்று அந்த வகுப்பில் மிகச் சின்னவள், பத்து வயது, வால் என்றுதான் கூப்பிடுவார்கள், வாசலில் வந்து நின்று, பொய் சொல்லாதீங்க ஆன்ட்டி, படத்துல சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறீங்க, தெரியாம எடுத்தா சிரிப்பு வருமா என்றாள்.

நீ ஒரு வார்த்தை பேசினால் அப்பா இறங்கிவருவார், ஆம்பளப் பிள்ளை சொல் அம்பலம் ஏறும். அது வேண்டாம். பொய் சொன்ன வாய்தான் திருத்த வேண்டும். இந்த வாரம் நூலகத்துக்குத் தனியாகப் போகப்போகிறேன். ஆனால் என்னை நான் நம்பவில்லையடா, இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால் அந்தப் படத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். என்னைக் கேட்டு, நான் சரி என்ற பிறகு எடுத்த படம் என்று பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னிடம் இருந்தால் பயத்தில் கிழித்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல்லிட்டியாம்மா என்று மட்டும் கேள். இல்லை என்றாலோ, மழை வெயில் என்று பேச்சை மாற்றினாலோ, அன்றே படத்தை நூலகத்துக்கு அனுப்பிவிடு. அழுதாலும் இரங்காதே. வேளைக்குச் சாப்பிடு, படுக்கும் முன் கும்பிடு. கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் தங்கையைக் கைவிடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தப் படத்தில் இருக்கும்
உன் அம்மா