தொழுவ ஓடு

திங்கள், மதியச் சாப்பாட்டு நேரம்

என் அன்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

நானும் பொண்ணும் சுகம். போன கடிதத்துல முதுகுவலின்னு எழுதியிருந்தீங்க. குடோன்ல மூட்டை தூக்குறதுக்கா உங்களைப் பெத்துப் போட்டாங்க? சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். இன்னிக்கு நடந்ததை உங்ககிட்ட சொல்லாட்டி என் தலையே வெடிச்சிடும்.

வெள்ளைச்சட்டை எங்க ஓட்டுக் களத்துக்கு வந்தான். ஆமாம், அதே கான்ட்ராக்டர்தான். பள்ளிக்கூட மண்டபத்துக்கு வேகாத ஓட்டை வாங்கிக் குடுத்துட்டு, முதல் மழையிலேயே ஒழுகினதும், ஓடு மேஞ்ச நீங்க குடிச்சிட்டு வேலை பார்த்தீங்கன்னு ஊரெல்லாம் சொன்னானே, அந்த மகராசன். ரெண்டாவது டீயே வேண்டாம்னு சொல்ற மனுஷன் நீங்க! மூணு வருஷமா உங்களுக்கு ஒழுகல் மேஸ்திரின்னு பேரு. அந்தப் பேரைக் கேட்டுத்தானே ஒருத்தரும் உங்களைக் கூரையில ஏத்தல, நீங்களும் கண்காணாத தூரம் போனீங்க.

இப்ப அவன் சொந்தமா வீடு கட்டுறானாம், ஓடு பார்க்கணுமாம். முதலாளி வெளியே போயிருந்தார். தரம் பிரிக்கிறவ நான்ங்கிறதால என் முன்னாடி வந்து நின்னான். என்னை அடையாளமே தெரியல அவனுக்கு. ஒருத்தர் பிழைப்புல மண்ணைப் போட்டவனுக்கு அவர் பெண்டாட்டி முகமா ஞாபகம் இருக்கப் போகுது?

நான் யோக்கியமாத்தான் ஆரம்பிச்சேன். நல்லா வெந்த ஓட்டைத்தான் முதல்ல காட்டினேன். விரலை மடக்கித் தட்டினா கணீர்னு கேக்கும், ஆனா ஓரம் கருகி, நிறம் திட்டுத் திட்டா இருக்கும். முகத்தைச் சுளிச்சான். சுவரோரம் ஒதுக்கி வச்சிருந்த அடுக்கு அவன் கண்ணுல பட்டுது. சூளையில ஒழுங்கா வேகாத ஓடு அது. வேகாததாலதான் கருகாம, செக்கச்செவேல்னு ஒரே நிறமா இருக்கு. தட்டினா டொக்குன்னு கேக்கும், தண்ணியைக் குடிக்கும். மாட்டுத் தொழுவத்துக்குத்தான் அதைக் குடுப்போம். ஒவ்வொண்ணுக்கும் அடிப்பக்கம் என் கையாலேயே சுண்ணாம்புல பெருக்கல் குறி போட்டிருக்கேன். ஒண்ணே ஒண்ணைத் திருப்பிப் பார்த்திருந்தா போதும். அவன் தட்டவும் இல்ல, திருப்பவும் இல்ல. இதுதான் வேணும்னான்.

ரசீதுல தொழுவ ஓடுன்னுதான் எழுதினேன். அவன் எங்கே அதைப் படிச்சான்? இவ்வளவு மலிவான்னு வாயெல்லாம் பல்லா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்.

நான் பொய் சொல்லல. வாயைத் திறக்கல, அவ்வளவுதான். மழை வரட்டும். அவன் சாப்பிடுற தட்டுல ஒழுகணும், அவன் படுக்கிற தலையணையில ஒழுகணும். இது பாவம்னா பாவமாவே இருந்துட்டுப் போகட்டும்.

நம்ம அடுக்களையில ஒழுகுற இடத்துல அந்த அண்டா அப்படியேதான் இருக்கு. உடம்பைப் பார்த்துக்கோங்க.

உங்கள் மனைவி

*

சனிக்கிழமை

என்னங்க,

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்ல. வெள்ளைச்சட்டை வீட்டுக்கு ஓடு மேயறது யார் தெரியுமா? உங்க தம்பி. பள்ளிக்கூடக் கூரையில உங்க பக்கத்துல நின்னு வேலை பார்த்தவன், உங்களைக் குடிகாரன்னு சொன்னப்ப தரையைப் பார்த்துக்கிட்டு நின்ன அதே தம்பி. அவன் பெண்டாட்டி தண்ணிக் குழாயடியில பெருமையாச் சொன்னா.

நல்லா வேணும்னுதான் எனக்கு முதல்ல தோணிச்சு. அப்புறம்தான் உறைச்சுது. வேகாத ஓடு மிதிச்சா பிஸ்கெட் மாதிரி நொறுங்கும். ரெண்டு மாடி உயரம். எவனுக்கோ வெட்டின குழியில நம்ம வீட்டுப் பிள்ளை விழவா? கையில இருந்த குடத்தை அங்கேயே போட்டுட்டு ஓடினேன்.

பாதிக் கூரை முடிஞ்சிருந்துது. கீழே இறங்குன்னு கத்தினேன். இறங்கி வந்தான். மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் அவன்கிட்ட பேசுறேன். அந்த ஓடு ஆகாது, உசிரு போயிடும்டான்னு சொன்னேன். தெரியும் அண்ணின்னான்.

முதல் ஓட்டைக் கையில எடுத்தப்பவே எடை சொல்லிடுச்சாம். திருப்பிப் பார்த்தா என் குறி. ரெண்டு கோடுல ஒண்ணு வால் நீண்டு இருக்கும், அண்ணி கைதான்னு அப்பவே தெரிஞ்சுதுன்னான். அதனால ஓட்டை மிதிக்காம பலகை போட்டு நடக்கிறானாம். அன்னிக்கு இந்தக் கான்ட்ராக்டருக்குப் பயந்து வாயை மூடினேன், இந்தத் தடவை அண்ணனுக்காக மூடிக்கிறேன்னு சொல்லிட்டு, துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டான். எனக்கும் அழுகை முட்டிச்சு. ஆனா அவன் முன்னாடி அழல. அவ்வளவு சுலபத்துல விட்டுருவேனா?

ஜாக்கிரதையா ஏறுடான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

உங்கள் மனைவி

*

ஞாயிறு, மழை

என் அன்புக்குரியவருக்கு,

ரெண்டு வாரமா எழுதல, கோச்சுக்காதீங்க. உட்கார்ந்து நிதானமாப் படிங்க. இன்னிக்கு மதியம் வெள்ளைச்சட்டையோட புது வீட்டுல விருந்து. உங்க தம்பி ரசீது நகலோட என்னை வரச் சொல்லியிருந்தான். அழைக்காத வீட்டு வாசல்ல வெட்கமில்லாம குடையோட நின்னேன்.

எல்லாரும் பந்தியில உட்காரவும் மழை பிடிக்கவும் சரியா இருந்துச்சு. கால் மணி நேரம் ஒண்ணுமில்ல. எனக்கோ ஓடு என்னை ஏமாத்திடுமோன்னு ஒரே பதைப்பு. அப்புறம் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, பிறகு சரம் சரமா. வேகாத மண்ணாச்சே, கரைஞ்சு செந்தண்ணியா ஊத்துது. அந்தச் சலவைச் சட்டையைப் பார்க்கணுமே! எனக்கு மனசு குளிர்ந்துச்சு. இதை மறைச்சு என்ன ஆகப் போகுது?

உடனே அவன் உங்க தம்பி பக்கம் திரும்பி, குடிச்சிட்டு மேஞ்சியாடான்னு கத்தினான். மூணு வருஷத்துல ஒரு வார்த்தைகூட மாத்தல பாவி. உங்க தம்பி இந்தத் தடவை தரையைப் பார்க்கல. ஏணி வச்சு ஓர ஓடு ஒண்ணைக் கழட்டி, பந்திக்கு நடுவுல கவுத்துக் குறியைக் காட்டினான். நான் உள்ளே போய் ரசீதைச் சத்தமாப் படிச்சேன். தொழுவ ஓடு, கீழே வெள்ளைச்சட்டையோட கையெழுத்து. ஒருத்தர் சிரிச்சார், அப்புறம் யாராலேயும் அடக்க முடியல.

சிரிப்பு அடங்கினதும் உங்க தம்பி மீதியைச் சொன்னான். பள்ளிக்கூட ஓடும் இவன் நிறம் பார்த்து எடுத்ததுதான், இது ஆகாதுன்னு அண்ணன் என் முன்னாடியே சொன்னார், பேசாம மேயுன்னு இவன்தான் அதட்டினான்னு. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரும் பந்தியில இருந்தார். பாதிச் சாப்பாட்டுல எழுந்து கை கழுவிட்டு என்கிட்ட வந்தார். மண்டபத்தை நீங்களே பிரிச்சு மேயணுமாம், நீங்க தட்டிப் பார்த்து எடுத்த ஓடுதான் போடணுமாம்.

சாயங்காலத்துக்குள்ள ஊர் அவனுக்குத் தொழுவம்னு பேர் வச்சிடுச்சு. நம்ம பொண்ணுதான் கடைத்தெருவுல கேட்டுட்டு வந்து குதிச்சா. உங்க பழைய பேர் போயிடுச்சுங்க. ஆனாலும் எனக்கு இன்னும் முழுசா ஆறல. மூணு வருஷத்தை யார் திருப்பித் தருவா? உங்க தம்பிக்கு ஒரு வேளை சோறு போட்டேன். மன்னிச்சேன்னு சொல்லல. அதை நீங்க வந்து சொல்லிக்கோங்க.

நம்ம அடுக்களை ஓட்டை மாத்தித் தரேன்னு அவன் கேட்டான். வேண்டாம்னுட்டேன். தினம் ஆயிரம் ஓடு தட்டுறவ வீடே ஒழுகுதேன்னு பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும். இந்தக் கூரையில உங்க காலைத் தவிர வேற கால் படக்கூடாதுன்னுதான் மூணு மழைக்கும் ஒழுக விட்டிருக்கேன். அதுக்குன்னு எடுத்த நல்ல ஓடு ஒண்ணு கட்டிலுக்கு அடியில இருக்கு. அப்பப்ப எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். இன்னும் கணீர்னுதான் இருக்கு.

மழை விடுற மாதிரி தெரியல. அண்டா விளிம்பு வரைக்கும் வந்தாச்சு. பதில் எழுத வேண்டாம், நீங்க வந்துடுங்க.

உங்கள் மனைவி