நூற்றைம்பது வருடம்

அப்பாவுக்கு,

பாரிசில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே வீடு அமைதியாக இருக்கிறது.

தாத்தா உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழுக்காக வருடா வருடம் நவம்பரில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனுக்கு அது வேண்டும். இந்த நவம்பரில் போகவில்லை.

மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தினீர்கள். ஞாயிறுதோறும் போனில் முகம் காட்டி, "அப்பா, நீங்க நூத்தம்பது வருஷம் இருக்கணும்" என்பீர்கள். போனை வைத்ததும் தாத்தா என்னிடம், "அந்த நூத்தம்பதை உங்கப்பனே வச்சிக்கட்டும். என்னை விட்டுடச் சொல்லும்மா" என்பார். நான் சொல்லவில்லை. உங்களிடம் பேச எனக்கு எப்போதும் பயம்.

போன செவ்வாய்க்கிழமை காலை கஞ்சியோடு போனேன். தாத்தா போய்விட்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ஏவ்லின் அத்தை ஓடி வந்து, "உங்கப்பனுக்கு போன் போடுடி, ஃபிளைட் புடிச்சி வந்துடுவான்" என்றார்.

"போட்டுட்டேன் அத்தை. டிக்கெட் கெடைக்கலயாம். எடுத்துடச் சொல்லிட்டாரு."

பொய்தான். உங்களுக்கு நான் போனே போடவில்லை. புதன்கிழமை உப்பளம் கல்லறையில் அடக்கம் செய்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது தாத்தா தூங்குகிறார் என்றேன்.

கடிதம் வந்து சேரப் பத்து நாளாகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். அதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

நீங்கள் நூற்றைம்பது வருடம் இருக்க வேண்டும் அப்பா. அத்தனை வருடமும், பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத மகனாகவே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் பள்ளியிலிருந்து நிறுத்திய மகள்