தள்ள வேண்டாத கார்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. வந்ததும் முதலில் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு கோபப்படலாம்.

நம் பழைய காருக்குப் புது ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டிவிட்டேன். "உனக்குக் கழட்டத்தான் தெரியும், மாட்டத் தெரியாது" என்று நேற்று சொன்னீர்களே, சாவியை ஒரே ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். சோப்பு டப்பாவில் கிடக்கும் போல்ட் பழைய மோட்டாருடையது. மிச்சமாகிவிட்டதென்று பதற வேண்டாம்.

என்னைக் கேட்காமல் காரை விற்க நீங்கள் வரச்சொன்ன ஆள் நாலு மணிக்கு வருவார். டீ கொடுங்கள். "கார் விக்கிறதா இல்ல. தினம் காலையில அதைத் தள்ளுன ஆளுதான் இனிமே சும்மா இருக்காரு, வேணும்னா கூட்டிட்டுப் போங்க" என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான் பஸ்ஸில் போகிறேன். ஆறு மணிக்குக் காரோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுங்கள்.

பி.கு.: அவர் நிஜமாகவே கேட்டால், தள்ளுகிறவரையும் கொடுப்பதாக இல்லை.