பெட்டிக்குள் ராஜினி

விசுவமடு,
14.02.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் ராஜினி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். எனக்கு நலம் இல்லை. ஆவல் மட்டும் நிறைய இருக்கிறது. தம்பி விதுசனின் நெஞ்சை வவுனியா ஆஸ்பத்திரியில் படம் பிடித்தார்களா? ஓட்டை சின்னதா, பெரிதா?

இனி என் வழக்கு. என் பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டதாம். நீங்கள் என்னை ஒப்படைத்துவிட்டுப் போன பெரியம்மா சொல்கிறார். அதனால் செத்துப்போன தன் மகள் நிரோஜாவின் சான்றிதழைக் காட்டி, அவளுடைய பெயரிலேயே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். போன வருடம் அக்கராயனில் அவள் காய்ச்சலில் போனது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் இங்கே புதிது.

பதின்மூன்று வயதுக்காரி நான், பதினொரு வயதுப் பிள்ளைகளோடு ஆண்டு ஆறில் இருக்கிறேன். முன் வாங்கில் இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லையாம். யதுர்ஷிகா என்றொரு பொடிச்சி எனக்கு "நெட்டை நிரோஜா" என்று பட்டம் வைத்துவிட்டாள். முழு வகுப்பும் அப்படித்தான் கூப்பிடுகிறது.

வீட்டிலும் பெரியம்மா "நிரோ, இஞ்சை வா" என்றுதான் சொல்கிறார். அவளுடைய சட்டைகளை மடிப்பவிழ்த்து எனக்கு நீட்டித் தைத்திருக்கிறார். எனக்கு இதில் பெரிய சந்தேகம் அம்மா. தன் பிள்ளை போன இடத்தில் என்னை ஒட்டி வைக்கப் பார்க்கிறாரோ?

அரசாங்கக் கச்சேரியில் சான்றிதழின் பிரதி எடுத்து அனுப்புங்கள். எனக்கு என் பெயரும் ஆண்டு எட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ராஜினி, ராஜினி, ராஜினி
(நீங்களும் மறந்துவிடாதபடி மூன்று தரம்)


வவுனியா,
09.03.1999

என் குஞ்சுக்கு,

அம்மா எழுதுகிறேன். தம்பியைக் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். நாங்கள் இருக்கும் அகதி முகாமில் அதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன். அவன் உன்னைத்தான் கேட்டு அழுகிறான்.

சான்றிதழ் விஷயத்தைப் பிறகு பார்ப்போம். கச்சேரிப் பக்கம் போக எனக்கு நேரமில்லை. பெரியம்மாவின் சொல் கேள். பள்ளிக்கூடத்தில் வாய் காட்டாதே. கடிதத்தில் வீட்டுக் கதை எழுதாதே; உன் கடிதம் பிரித்து ஒட்டித்தான் வந்தது. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன்,
அம்மா


விசுவமடு,
02.04.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தைப் பிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாதான். அதனால் இதைத் தபாலில் போடாமல், வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வரும் அயல்வீட்டுத் தங்கராசா மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

கேளுங்கள். போன மாதம் ஒருநாள் பெரியம்மா தலை முழுகிவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினார். நான் ஓலைக் கிடுகு இடுக்கால் பார்த்தேன். தலைவாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, எனக்குப் பிடிக்காத பயற்றம் பணியாரம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அவர் சாப்பிடவுமில்லை, என்னைக் கூப்பிடவுமில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இலையைக் காகத்துக்கு வைத்தார். செய்வினையோ என்று எனக்குப் பயம். அன்றைக்கு நான் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இனித்தான் பெரிய கதை. அவர் கிணற்றடிக்குப் போன நேரம் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் நிரோஜாவின் றிபன்கள். அதற்கும் அடியில் என் பிறப்புச் சான்றிதழ்! தொலையவே இல்லை அம்மா! கள்ளி, பெரியம்மா பச்சைக் கள்ளி!

அதைக் கொண்டுபோய் வகுப்பாசிரியை சிவலட்சுமி ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார், யன்னலால் வெளியே பார்த்தார், மடித்து என் கொப்பிக்குள்ளேயே வைத்தார். "இது உன்ர அக்காவின்ர போல. மாறி வந்திட்டுது. இருந்த இடத்திலயே கொண்டுபோய் வை, பிள்ளை" என்றார். ரீச்சரும் கூட்டு! வருகிற வெள்ளிக்கிழமை அதிபரிடமே கொடுக்கப்போகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்களும் கூட்டா? என்னைக் கொடுத்துவிட்டா போனீர்கள்?

ராஜினி


வவுனியா,
11.04.1999

என் ராஜினிக்கு,

அதிபரிடம் கொடுக்காதே. இது உன் கைக்கு வருமுன் கொடுத்திருந்தால் பெரியம்மாவிடம் உடனே சொல். தங்கராசா அண்ணை திரும்பி வருவதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு.

பெரியம்மா கள்ளியில்லை. சான்றிதழை ஒளிக்கச் சொன்னவள் நான். அங்கே இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக வந்து பிள்ளைகளின் வயதைக் கொப்பியில் எழுதுகிறார்கள். ஆவணியில் உனக்குப் பதினாலு. அதற்குமேல் உன்னை வீட்டில் விட்டுவைப்பார்களோ என்ற பயத்தில் எனக்கு நித்திரையில்லை. உனக்கும் பாஸ் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். தம்பிக்கோ மூச்சு வாங்கியது, அவனோடு மட்டும் வந்தேன். நிரோஜாவின் பெயரில் இருந்தால் உனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் கிடைக்கும். உன்னிடம் ஏன் சொல்லவில்லை? கோபம் வந்தால் உன் வாய் நில்லாது, எனக்குத் தெரியும்.

அக்காவிடம், உன் பெரியம்மாவிடம், இதைக் கேட்டபோது அவர் ஒன்றுதான் சொன்னார்: "அப்ப என்ர பிள்ளை செத்ததை நான் ஆரிட்டச் சொல்லி அழுறது?" பிறகு அவரே நிரோஜாவின் சான்றிதழை எடுத்துத் தந்தார்.

நீ பார்த்தது செய்வினை இல்லை, விசரி. அது நிரோஜா போய் ஒரு வருடமான ஆட்டைத் திவசம். ஐயரைக் கூப்பிட்டு, சனத்துக்குச் சோறு போட்டுச் செய்திருக்க வேண்டும். ஊருக்கு அவள் உயிரோடு இருக்கிறாள், அதுதான் கதவைச் சாத்திச் செய்திருக்கிறார். பயற்றம் பணியாரம் அவளுக்கு உயிர்.

கடிதத்தைப் பிரிப்பது யாரென்று எனக்கும் தெரியாது. ஆகவே இனித் தபாலில் எழுதும்போது நீ நிரோஜா. பெரியம்மாதான் உன் அம்மா. நான் சின்னம்மா. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன்னைக் கொடுக்கவில்லை, குஞ்சு. ஒளித்து வைத்திருக்கிறேன்.

அம்மா


விசுவமடு,
20.05.1999

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

பெறாமகள் நிரோஜா எழுதுவது. தங்கராசா மாமா வந்தார், நீங்கள் கொடுத்துவிட்டது கிடைத்தது. அதிபர் அந்த வெள்ளிக்கிழமை லீவு, அடுத்துச் சித்திரை விடுமுறையும் வந்துவிட்டது. நல்லகாலம், அதற்குப் பிறகு அவரிடம் போக ஒரு வேலையும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொப்பியோடு இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்று கேட்டார்கள். அம்மா உலக்கையைப் பிடித்தபடி நின்றார். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பிள்ளை நல்ல வளர்த்தியா இருக்கு" என்றார். நான்தான் சொன்னேன்: "என்ர பேர் நிரோஜா. பதினொரு வயசு, ஆண்டு ஆறு. நெட்டை நிரோஜா எண்டு வகுப்பில பகிடி பண்ணுறவை." அவர்கள் சிரித்தார்கள். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் படலையைத் தாண்டும்வரை அம்மா உலக்கையை விடவில்லை.

நீங்கள் ராஜினி அக்காவை நினைத்துக் கவலைப்படுவீர்கள். அவருடைய சாமானெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அவருக்கு உங்களில் கோபம் இல்லை. தன் பெரியம்மாவைக் கள்ளி என்று சொன்னதற்குத்தான் அழுதார். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், நான் பார்த்தேன்.

நேற்று அம்மா பயற்றம் பணியாரம் சுட்டார். எனக்குப் பிடிக்கும்தானே, ஆறு தின்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாய்தவறி "ராஜினி" என்று கூப்பிட்டார். நானும் வாய்தவறி "ஓம்" என்றுவிட்டேன்.

தம்பியைக் கொழும்புக்குக் கொண்டுபோகும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கோ. அவனுக்கு ராஜினி அக்காவின் பெயரை எழுதப் பழக்குங்கோ சின்னம்மா. இங்கே அதை எழுத ஆளில்லை.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
நிரோஜா