மெஷின் தொட்ட காது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பாப்பாவுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பினாள்! கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னால், "நீ தட்டுன காத்து அவ கழுத்துல பட்டிருக்கும்" என்கிறார். பெற்ற அப்பா பேசும் பேச்சா இது? இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்று டாக்டர் சொன்னால் வேதவாக்கு. நான் சொன்னால் காற்று.

தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் கம்பெனியில் என் வேலை. எவர் என்ன சொன்னாலும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவேன்.

மார்ச் 11

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். காது கேட்க வைக்க அதற்குள் மெல்லிய கம்பியை நுழைக்க வேண்டும். நுழைக்கப்போவது ரோபோ!

"மனுஷக் கையால அவ்வளவு மெதுவா தள்ள முடியாதும்மா. அதுக்குக் கை நடுங்காது."

நடுங்காத கை என்றால் பயமில்லாத கை. பயமே தெரியாத ஒன்றிடம் ஒன்றரை வயதுப் பிள்ளையின் மண்டையைக் கொடுப்பதா?

"அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எலும்பத் தொறந்து வழி பண்றது நான்தான். ரோபோவோட பெடல்ல என் கால் இருக்கும். எடுத்தா அது நின்னுடும்."

"கரண்ட் போனா?"

டாக்டரம்மா சிரித்தார். சிரிக்கிற டாக்டரை நான் நம்புவதில்லை.

மார்ச் 12

தள்ளிப்போட்டால் பேச்சு வராமலே போகலாமாம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பயத்தில். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 2

"நல்லபடியா முடிஞ்சது" என்றார் டாக்டரம்மா. ரொம்பச் சுலபமாகச் சொன்னார்.

தலையில் பெரிய கட்டு. முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதோ? முகத்து நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது என்று அவர்களே சொன்னார்களே. பாப்பா விழித்து அழுதாள். வாய் நேராகத்தான் இருந்தது. பிள்ளை அழுவதைப் பார்த்துச் சிரித்த தாய் நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 29

சத்தத்தை வாங்கி உள்ளே இருக்கும் கம்பிக்கு அனுப்பும் வெளிக்கருவியை இன்றுதான் மாட்டி முடுக்கினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கொக்கி. அதிலிருந்து ஒரு வட்டு, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்கிறது. கேட்கவும் பேசவும் பயிற்சி கொடுக்கும் பெண் கூப்பிட்டாள். பாப்பா திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகப்போகப் பழகிடும்க்கா."

கோணலாகத் தைத்தவர்களும் இப்படித்தான் சொல்வார்கள், ஒரு தடவை துவைச்சா சரியாயிடும் என்று.

மே 20

பாப்பாவை எதிரே உட்காரவைத்து, மேசைக்கடியில் டப்பாவைத் தட்டினால் உடனே குனிந்து பார்க்கிறாள்! கொஞ்ச நாளாகவே இப்படி. பெருமையாகப் பயிற்சிப் பெண்ணிடம் செய்து காட்டினேன்.

"இப்போ தட்டாதீங்கக்கா. தட்டிட்டு எப்படிப் பாப்பீங்களோ, அப்படி மட்டும் பாருங்க."

பார்த்தேன். பாப்பா குனிந்தாள்.

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான் குனியிறா. பரீட்சை வைக்காம சும்மா பேசிக்கிட்டே இருங்க."

சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு நானே பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறேன். சரி, அப்படியென்றால் கேட்கிறதா, இல்லையா? அதை ஒருத்தரும் சொல்லித் தொலைய மாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 8

பேசிக்கொண்டே இருக்கிறேன். சுவரோடு பேசுவது போலத்தான் இருக்கிறது.

ஜூலை 16

சமையலறையில் பாப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று நாத்தனாரிடம் போனில் பொரிந்து தள்ளினேன். "மெஷினை நம்பி ஏமாந்துட்டீங்க" என்றாள். நானே நூறு தடவை நினைத்ததுதான். ஆனாலும் அவள் யார் அதைச் சொல்ல? கத்திவிட்டுத் திரும்பினால், பாப்பா வட்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு முறைக்கிறாள்.

ஒட்டிவிட்டு மறுபடி திரும்பி நின்று கத்தினேன். மறுபடி பிடுங்கிவிட்டாள்.

போனை வைத்தேன். வட்டை ஒட்டி, திரும்பி நின்று, வாய்க்கு வந்ததை மெதுவாகப் பேசினேன். எட்டிப் பார்த்தேன். வட்டு தலையிலேயே இருந்தது. கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கேட்கிறது. என் பிள்ளைக்குக் கேட்கிறது! அவள் முதன்முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய சத்தம் என் குரல்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு. சத்தமாக அழுதால் அவளுக்குக் கேட்கும்.