நீ எழுதாத பரீட்சை

அன்புள்ள மனைவிக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

போன வாரம் தரை கழுவும் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிவிட்டேன். கையில் லேசான கொப்புளம்தான், பயப்படாதே. டப்பாவில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் அக்காதான் படித்துவிட்டு, என் கையைக் குழாயடியில் பிடித்தார். ஐம்பது வயதில், சாப்பாட்டு வேளையிலும் பரீட்சைக்குப் படிக்கிறவர்.

"உன் வீட்டுக்காரி என்ன படிச்சிருக்கா, தம்பி?" என்று கேட்டார்.

நான் குழாயை மூடிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். கல்யாணமான புதிதில், "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று உன் ஹால் டிக்கெட்டைக் கிழித்தவன் நான்தானே. நீ பேசாமல் உலை வைக்கப் போனாய். அதைச் சம்மதம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வேலைக்குப் போட்டுக்கொள்ளப் பழைய சட்டை இரண்டு அனுப்பு. நீயே மடித்து வை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. அன்று எழுதாமல் போன பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிடு. என்னைக் கேட்காதே, கேட்க வைத்தது போதும்.

உன் கணவன்