ரெண்டாவது வரியில் ஒரு மூச்சு

என் ராசாத்திக்கு,

பாட்டுப் போட்டியில உனக்கு மார்க் குறைச்சிட்டாங்கன்னு கோபமா எழுதியிருந்தியே, அதைப் படிச்சுட்டு அப்பாவும் நானும் வயிறு குலுங்கச் சிரிச்சோம். கோவிச்சுக்காதே. "படத்துல கதாநாயகி ரெண்டாவது வரி நடுவுல அழகா மூச்சு வாங்குவாங்க, நீ அதை விட்டுட்டே"ன்னாராமே அந்த நடுவர்!

"அது எங்கம்மா குரல்னு அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"ன்னு கேட்டிருக்கே. வேண்டாம்மா.

படத்துக்காக நான் அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு பண்ணின அன்னிக்கு நீ வயித்துல எட்டு மாசம். மைக் முன்னாடி நின்னு ஒழுங்காத்தான் பாடிட்டிருந்தேன். அந்த வரியில உள்ளேயிருந்து விட்டே பாரு ஒரு உதை! எனக்கு மூச்சே நின்னு வந்துச்சு. மறுபடி பாடறேன்னு கெஞ்சினேன். இசையமைப்பாளர், "இதுலதாம்மா உயிர் இருக்கு"ன்னு அப்படியே வச்சுக்கிட்டார். நடிகையும் அந்த இடத்துல நெஞ்சுல கை வச்சு மூச்சு வாங்கி நடிச்சாங்க.

படத்துல என் பேர் போடலைன்னு இன்னிக்கும் நீதான் சண்டை போடறே. எனக்கு அந்தக் குறையே இல்லை. யார் அந்தப் பாட்டைப் பாடினாலும், நீ உதைச்ச இடத்துல ஒரு நொடி நின்னுட்டுத்தானே போறாங்க!

அடுத்த வருஷமும் நிக்காமலே பாடு. உதைச்சவளே நீதான், உனக்கெதுக்கு அந்த மூச்சு?

இப்படிக்கு,
உதை வாங்கின அம்மா